தேய்மானம் போட்ட கம்ப்யூட்டர்கள்

செமஸ்டர் லீவுக்கு கலிபோர்னியாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய் வந்தேன். கோல்டன் கேட் பாலம், பீச், மால் எல்லாம் ஆயிற்று. அதையெல்லாம் எழுதினால் வகுப்பில் அடிக்க வருவீர்கள். அதனால் மவுண்டன் வியூ என்ற ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று சித்தப்பாவே கேட்டார். அவர் சாஃப்ட்வேர்காரர். வருடக்கணக்காக அந்தப் பக்கமே குடியிருந்தும் ஒருமுறை கூட உள்ளே போனதில்லை :-)

முன்பு சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி இருந்த கட்டடம் அது. 2003-ல் இருந்து அங்கே மியூசியம் நடக்கிறது. உள்ளே போனால் மணிச்சட்டத்தில் (அதாங்க, அபாகஸ்) ஆரம்பித்து வரிசையாகக் கொண்டு போகிறார்கள். பொறுமையாகப் பார்த்தால் ஒரு நாள் போதாது. எனக்கு அரை நாள்தான் கிடைத்தது. சித்தியின் பையனுக்கு ஐந்து வயது, அவனுக்குப் பசித்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்றபோது ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. 'அரிய கம்ப்யூட்டர்' என்கிறார்களே, அது எப்படி அரிதாக ஆனது? சோழர் காலத்துச் செப்புத் திருமேனி அரிது என்றால் புரிகிறது. ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்து மீண்டது. இதெல்லாம் நம் தாத்தா காலத்துச் சாமான். ஃபேக்டரியில் வரிசையாகச் செய்து இறக்கியவை. ஐம்பது, அறுபது வருடத்தில் எங்கே போயின?

சிலதுக்குக் காரணம் சுலபம். அங்கே ஹனிவெல் கம்பெனியின் 'கிச்சன் கம்ப்யூட்டர்' இருக்கிறது. 1969-ல் நைமன் மார்கஸ் என்ற பெரிய கடையின் கேட்டலாக்கில் 10,600 டாலர் விலை போட்டு வந்தது. இல்லத்தரசிகள் சமையல் குறிப்புகளைப் போட்டு வைத்துக்கொள்ளலாமாம். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, முன்பக்கம் விளக்குகளும் சுவிட்சுகளும்தான். சாம்பார் வைக்க இரும எண்ணில் சுவிட்சைத் தட்ட வேண்டும்! விலையோடு இரண்டு வார புரோகிராமிங் வகுப்பும் சேர்த்தி. ஒன்று கூட விற்றதாகத் தகவல் இல்லை. ஆக, இது வாங்க ஆளில்லாததால் அரிதானது.

ஆப்பிள்-1 வேறு கதை. 1976-ல் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்தது, விலை 666.66 டாலர். வெறும் போர்டுதான், பெட்டி, கீபோர்டு, டிவி எல்லாம் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சுமார் 200 தான் செய்தார்கள். ஆப்பிள்-2 வந்ததும் பழையதைக் கொடுங்கள், புதியது தருகிறோம் என்று எக்ஸ்சேஞ்ச் போட்டார்கள். நம்மூர் ஆடித் தள்ளுபடியில் பழைய மிக்ஸியைக் கொடுப்போமே, அதே மாதிரி. திரும்பி வந்ததை எல்லாம் ஆப்பிளே அழித்துவிட்டது. மிஞ்சியதில் ஒன்று 2014-ல் ஏலத்துக்கு வந்தபோது, ஹென்றி ஃபோர்டு மியூசியம் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது.

இந்த இரண்டுக்கும் கூட்டம் அள்ளுகிறது. போட்டோ எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். 1962-ல் மாணவர்கள் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை எழுதிய பிடிபி-1 ரக மெஷினும் இருக்கிறது. அதைப் பழுதுபார்த்து, முறை வைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். அங்கேயும் கூட்டம்.

எனக்குப் பிடித்த இரண்டு மெஷின்களின் பக்கம் அவ்வளவு கூட்டம் இல்லை. இரண்டுமே கணக்கு எழுதப் பிறந்தவை.

முதலாவது ராமாக். 1956-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்தியது, உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் இதோடுதான் வந்தது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிச் சுழல விட்டிருக்கிறார்கள். மாவு மில் மாதிரி இருக்கிறது. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவு. நான் சொல்ல வந்தது அதன் பெயரை. ராமாக் என்ற சுருக்கப் பெயரை விரித்தால் கடைசியில் 'அக்கவுண்டிங் அண்ட் கண்ட்ரோல்' என்று வருகிறது. ஹார்ட் டிஸ்க் பிறந்தது பாட்டு கேட்கவோ படம் பார்க்கவோ இல்லை. சரக்கு இருப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கேட்டவுடன் சொல்வதற்கு. அதற்கு முன்னால் கார்டு கட்டுகளை வரிசையாக ஓட்டித்தான் தேட வேண்டும். நம் பேரேட்டை நேராக அந்தப் பக்கத்தில் திறக்கிற மாதிரி திறக்க ஒரு வழி வேண்டும் என்று கேட்டது கணக்குப்பிள்ளைகள்தான்.

இரண்டாவது ஐபிஎம் 1401. (மியூசியத்தின் கதவு எண்ணும் 1401! 1401, நார்த் ஷோர்லைன் புலிவார்ட். தற்செயலாம்.) 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இந்த மெஷின் பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1960-களின் நடுவில் உலகில் இருந்த கம்ப்யூட்டர்களில் கிட்டத்தட்ட பாதி இந்தக் குடும்பம்தான். நிலவுக்கு ராக்கெட் விட்ட கதையில் இது பெரிதாக வராது. சம்பளப் பட்டியல், மின்கட்டண பில், இன்சூரன்ஸ் பிரீமியம் - இதுதான் இதன் பிழைப்பு.

மியூசியத்தில் தனி அறையில் இரண்டு 1401 வைத்து இரண்டையும் ஓட்டுகிறார்கள். ஒன்று ஜெர்மனியில் இருந்து வந்தது. மற்றது கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் இருந்து வந்ததாம். வீட்டிலேயே வைத்து ஊராருக்குக் கணக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறார்கள். நம் ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி ஒரு குடும்பத் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்களையும் தொட விட்டார்கள். கீபஞ்ச் என்ற மெஷினில் என் பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன். தடிமனான அட்டையில் டக் டக் என்று ஓட்டை விழுந்தது. ஒரு அட்டையில் 80 எழுத்துதான். அதைக் கார்டு ரீடரில் போட்டார்கள். நிமிடத்துக்கு 800 அட்டை படிக்கும் ரீடர் அது. பணம் எண்ணும் மெஷின் சத்தத்தைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். அப்புறம் பிரிண்டர். நிமிடத்துக்கு 600 வரி. எழுத்துகள் கோர்த்த ஒரு சங்கிலி சைக்கிள் செயின் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், சரியான எழுத்து சரியான இடத்துக்கு வரும் நொடியில் பின்னால் இருந்து சுத்தியல் அடிக்கும். பேப்பர் பாய்ந்து வெளியே வருகிறது. தம்பி பசியை மறந்துவிட்டான்.

இதன் மெமரி அடிப்படை மாடலில் 1,400 எழுத்து, அதிகபட்சம் 16,000. இந்தக் கட்டுரை கூட அதற்குள் அடங்காது. ஆனால் அந்த மெஷின் எண்ணும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றைய கம்ப்யூட்டர் உள்ளுக்குள் இரும எண்ணில் கணக்குப் போடுகிறது. 1401 நம்மைப் போலவே பத்துப் பத்தாக, இலக்கம் இலக்கமாகக் கூட்டும். 5 இலக்கத் தொகையும் சேர்க்கலாம், 20 இலக்கத் தொகையும் சேர்க்கலாம், எங்கே முடிகிறது என்று ஒரு குறி வைத்தால் போதும். காசுக் கணக்குக்காகவே யோசித்துச் செய்தது. இன்னொன்று கேளுங்கள். பிரிட்டனில் 1971 வரை 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். அந்தக் கணக்கைப் போட இதில் தனியாக ஒரு சர்க்யூட் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமாம். 1957 வரை 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று கணக்கெழுதிய நம் முன்னோருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்திருக்கும்.

இனி முக்கியமான இடம். பத்தாயிரத்துக்கு மேல் செய்த மெஷின். இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற 1401-களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 200 மட்டும் செய்த ஆப்பிள்-1 கூட ஏலத்துக்கு வருகிறது. பத்தாயிரம் எங்கே போயிற்று?

விடை நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

முதல் காரணம் வாடகை. 1401-க்கு மாத வாடகை 2,500 டாலரில் இருந்து ஆரம்பம். 1956-ல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாடு வரை ஐபிஎம் தன் மெஷின்களை வாடகைக்கு மட்டுமே விட்டது. அதன் பிறகு விலைக்கும் கொடுத்தாலும் பெரும்பாலோர் வாடகையிலேயே தொடர்ந்தார்கள். வாடகைச் சாமான் யார் வீட்டிலும் பரணுக்குப் போகாது, முதலாளிக்கே திரும்பும். 1964-ல் சிஸ்டம்/360 வந்தது. 1401-க்கு எழுதிய புரோகிராமை அப்படியே புதியதிலும் ஓட்டலாம் என்றார்கள். பழையதற்கு வேலை போயிற்று. 1971-ல் ஐபிஎம் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. கிடங்கில் குவிந்ததை என்ன செய்வார்கள்? உடைத்து உலோகமாக எடுப்பார்கள்.

இரண்டாவது காரணம் தேய்மானம். நம் வருமான வரி விதிப்படி கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது முதல் வருட முடிவில் 60,000. அடுத்து 36,000. அப்புறம் 21,600, 12,960, ஐந்தாம் வருட முடிவில் 7,776. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் ஆயுளே 3 வருடம்தான், சர்வருக்கு 6. இந்த விதிகளைத் தப்பு சொல்லவில்லை, லாபத்தைச் சரியாகக் காட்ட அவை வேண்டும்தான். ஆனால் மதிப்பு கரைந்தபின் அந்த ஆபீஸில் யாருக்கும் அந்தப் பொருள் கண்ணில் படுவதில்லை. இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடு. அவ்வளவுதான்.

கொடுமை என்னவென்றால், உலகின் முதல் வணிகக் கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். லண்டனில் டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி தன் பேக்கரிக் கணக்குக்காகத் தானே ஒரு கம்ப்யூட்டர் செய்தது. பெயர் லியோ. 1951-ல் வேலையை ஆரம்பித்து, பின்னால் சம்பளக் கணக்கும் போட்டது. 1965-ல் நிறுத்திப் பிரித்துவிட்டார்கள். சில பாகங்கள்தான் மிச்சம். போர்க்காலத்து கொலாசஸ் மெஷின்களை ரகசியம் காக்க உடைத்தார்கள் என்றாவது ஒரு சாக்கு இருக்கிறது. லியோ விஷயத்தில் காத்த ரகசியம் ஒன்றும் இல்லை. பழசாகிவிட்டது, அதனால் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மியூசியத்துக்கு வந்தபிறகாவது கணக்கில் மதிப்பு ஏறுமா? அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி, பொதுமக்கள் பார்வைக்காகப் பாதுகாக்கும் சேகரிப்பை மியூசியம் தன் சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக ஆபீஸ் கணக்கிலும் மதிப்பு இல்லை, மியூசியம் கணக்கிலும் இல்லாமல் போகலாம். நடுவில் ஏலக்காரர் கணக்கில் மட்டும் ஒன்பது லட்சம் டாலர்! மூன்றாம் செமஸ்டரில் 'மதிப்பு என்றால் என்ன' என்று இரண்டு பக்கம் எழுதினோமே, இதைச் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, மிஞ்சியதை எப்படி வைத்திருப்பது? மியூசியம்காரர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. ஓட்டினால் தேயும், பாகம் கிடைக்காது, கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டு என்பது ஒரு கட்சி. ஓட்டினால்தான் அது கம்ப்யூட்டர், இல்லாவிட்டால் பீரோ என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஒரே ஒரு பிரதிதான் உலகத்தில் இருக்கிறது என்றால் தொடாதீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றையாவது ஓட்ட வேண்டும்.

அந்த 1401 அறையில் பார்த்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அதை ஓட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தக் காலத்தில் ஐபிஎம்மில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள். கார்டு சிக்கினால் சத்தத்தை வைத்தே எங்கே என்று சொல்கிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் அட்டை உப்பிச் சிக்குமாம். இதெல்லாம் மேனுவலைப் படித்து வருவதில்லை, கைக்குத்தான் தெரியும். மெஷின் நின்றால் கைக்கு வேலையில்லை. அந்தக் கையும் போன பிறகு மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லை. நல்லவேளை, இளையவர்களும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 2015-ல் 1401-ல் பிட்காயின் தோண்டிப் பார்த்தார். ஒரு ஹேஷ் போட 80 நொடி ஆனதாம். ஒரு காயின் கிடைக்க பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. ஆனாலும் செய்து பார்த்தார் பாருங்கள், அங்கேதான் மெஷின் உயிரோடு இருக்கிறது.

ஐஸ்லாந்தில் 1401-ஐப் பராமரித்த பொறியாளர் ஒருவர், பக்கத்தில் ரேடியோவை வைத்தால் மெஷின் போடும் இரைச்சல் அதில் கேட்பதைக் கவனித்து அதையே இசையாக்கினார். 1971-ல் மெஷினுக்கு விடை கொடுத்தபோது அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்தார். அவர் மகன் ஜோஹன் ஜோஹன்சன் பெரிய இசையமைப்பாளர் ஆகி, 2006-ல் அதைக் கொண்டு ஒரு ஆல்பமே வெளியிட்டார். மெஷின் போயிற்று, ஒரு டேப் மிஞ்சியது.

நம்மிடம் என்ன மிஞ்சியது?

இந்தியாவிலும் 1401 இருந்தது. வெளிநாட்டில் வாடகை முடிந்து திரும்பியவற்றைப் பம்பாயில் பழுதுபார்த்து ஐபிஎம் இங்கே வாடகைக்கு விட்டது. பழையதை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அப்புறம் நடந்தது பிசினஸ் லா பாடத்தில் நமக்குத் தெரிந்த கதை. ஃபெரா சட்டம் 1973, வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னார்கள், ஐபிஎம் மறுத்து 1978-ல் கிளம்பியது. அது விட்டுப்போன மெஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சி-க்கு வந்தது. நாம் இதைச் சட்டமாகப் படித்தோம், தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தில் இப்படி ஒரு சத்தம் போடும் மெஷின் இருந்தது என்று எனக்கு மவுண்டன் வியூவில்தான் உறைத்தது.

அதைவிடப் பக்கத்து உதாரணம் ஏ.எல்.பி.எம். வங்கியியல் தாளில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின். 1984 ரங்கராஜன் கமிட்டி அறிக்கையைத் தொடர்ந்து வங்கிக் கிளைகளுக்கு வந்தது. விரிவாக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். உங்களில் யாராவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? படத்திலாவது? நம் புத்தகத்தில் படம் கூடக் கிடையாது. என் பெரியப்பா ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் கிளார்க்காக இருந்தவர். ஊருக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். மெஷின் வந்த அன்று வேலை போய்விடும் என்று பயந்தார்களாம், ஆறே மாதத்தில் அது இல்லாமல் நாள் முடிக்க முடியாது என்று ஆயிற்றாம். கரண்ட் போனால் மறுபடி கையால் லெட்ஜர். "அந்த மெஷின் என்ன ஆச்சு பெரியப்பா?" என்றேன். "புதுசு வந்ததும் எடைக்குப் போட்டுட்டாங்கப்பா, கூடவே மேனுவலும் போச்சு" என்றார்.

எடைக்குத்தான். இந்த வாரம் நம் காமர்ஸ் லேபின் பின்னால் போய்ப் பாருங்கள். பழைய சிபியு, குண்டு மானிட்டர், ஊசி பிரிண்டர் எல்லாம் வராண்டாவில் அடுக்கியிருக்கிறது. செமஸ்டர் முடிவதற்குள் ஏலம் விடுகிறார்களாம். அதில் ஒன்றில் டாஸில் ஓடுகிற பழைய டேலி இன்னும் இருக்கிறது, லேப் அண்ணா ஆன் செய்து காட்டினார். பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. நம் சீனியர்களின் சீனியர்கள் டே புக் போட்டுப் பழகியது அதில்தான். ஒரு செட்டையாவது பிரிண்டரோடு, ஃப்ளாப்பியோடு டிபார்ட்மெண்டில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எச்.ஓ.டி.-க்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஏழு கையெழுத்து ஆகியிருக்கிறது, இன்னும் வேண்டும். திங்கட்கிழமை மதியம் கேண்டீனில் இருப்பேன்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் ஏ.எல்.பி.எம். பற்றிக் கேட்டுப் பாருங்கள். மெஷினோடு நின்று எடுத்த ஒரு குரூப் போட்டோ, அது அடித்த ஒரு லெட்ஜர் தாள், எது பரணில் கிடந்தாலும் சரி, தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். எனக்கு ஒரு நகல் அனுப்பினால் பெரியப்பாவிடம் காட்டி, எந்தப் பட்டன் எதற்கு என்று எழுதி வாங்கி வைக்கிறேன்.